கிட்ட இருக்கிற கண்

வீடு மாறி வந்த அன்று அக்காவுக்கு முதலில் பிடித்துப்போனது முன்னறையின் வெளிச்சம்தான். மற்றபடி பழைய வீடு. சுவரில் ஈரம் ஏறியிருந்தது. கதவைத் திறந்தால் முனகியது. குளியலறைக் குழாயை மூடினால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நின்றது. ஆனால் முன்னறையில் ஆளுயர ஜன்னல்கள், போதாக்குறைக்குச் சுவருக்குச் சுவர் பல்பு மாட்டும் இடம், மேலே கூரையிலும் வரிசையாக. ஒரே அறைக்கு எதற்கு இத்தனை என்று கேட்டாள். முன்னால் குடியிருந்தவருக்கு எவ்வளவு போட்டாலும் வெளிச்சம் பத்தவில்லையாம் என்று சொல்லி வீட்டுக்காரர் சாவியைக் கையில் கொடுத்தார். யாரோ வயதானவர், பார்வை மங்கியிருக்கும் என்று அக்கா அதை அதோடு விட்டுவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது படிக்கட்டு இல்லாத வீடு. தம்பியைக் கட்டிலோடு உருட்டித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். அந்தக் கவலையில் இருப்பவளுக்கு யாருடைய பார்வை எப்படிப் போனால் என்ன.

தம்பி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன். எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது, எது புறப்படப் போகிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்வதுதான் வேலை. நல்ல கனத்த குரல். பேருந்தைத் தவறவிட்டவன்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் திட்டுவான். ஒருநாள் காலை ஒரு அறிவிப்பின் நடுவில் அந்தக் குரல் நின்றது. மூளையின் அடித்தண்டில் ரத்தம் கட்டிக்கொண்டதாக மருத்துவமனையில் சொன்னார்கள். கை, கால், நாக்கு எல்லாம் போயிற்று. கண் மட்டும் அசைந்தது. அறிவில் ஒரு குறையும் இல்லை, அதுதான் கொடுமை. அவனுடைய கேலியும் கிண்டலும் அப்படியே உள்ளே மாட்டிக்கொண்டன.

அவற்றை வெளியே கொண்டுவந்தது ஒரு லேப்டாப். ஸ்கிரீனுக்குக் கீழே ஒட்டியிருந்த கறுப்புப் பட்டை அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஸ்கிரீனில் இருக்கும் எழுத்துகளில் எதை அவன் சற்று நேரம் உற்றுப் பார்க்கிறானோ அது பதிவாகும். பிறகு லேப்டாப் அதை வாய்விட்டுச் சொல்லும். நிலையத்தில் அவன் பேசிப் பதிவு செய்திருந்த அறிவிப்புகளிலிருந்தே அந்தக் குரலைச் செய்து கொடுத்திருந்தார்கள். அதனால் அவன் தண்ணீர் கேட்டால்கூட ஏதோ பேருந்து கிளம்பப் போகிறது என்றுதான் தோன்றும். அவனும் சளைத்தவன் இல்லை. முதுகு அரித்தால், "பயணிகள் கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பான். அக்கா பக்கத்து அறையில் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவாள்.

ஸ்கிரீனின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பட்டை பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் அவை. தம்பி இமைத்தால் புள்ளிகள் மறைந்து திரும்ப வரும்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. தம்பிக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவில் யாரும் தலையை நீட்டக் கூடாது. ஆரம்பத்தில் அக்கா ஒருமுறை குனிந்து தூசி துடைத்தபோது, பட்டை அவள் கண்ணைப் பிடித்துக்கொண்டு, "ஙஙசக" என்று கம்பீரமாக அறிவித்தது. அதற்கு ஆள் அடையாளம் தெரியாது, எந்தக் கண் கிட்ட இருக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கெல்லாம் தம்பி அவளை ஙஙசக என்றே கூப்பிட்டான்.

தொந்தரவு புது வீட்டில்தான் ஆரம்பித்தது, அதுவும் மத்தியானத்தில்.

அக்கா கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். ஊருக்கெல்லாம் தைத்தாலும் முன்னறை ஜன்னலுக்கு ஒன்றும் மாட்டவில்லை, தம்பிக்கு வெளிச்சம் பிடிக்கும் என்பதால். வெயில் தரை முழுக்கப் படுத்திருந்த அந்த வேளையில் ஸ்கிரீன் மங்கியது. பட்டென்று அணையவில்லை. எழுத்துகள் மெல்லச் சாம்பல் பூத்து, பிறகு கறுப்புக்குள் போய்விட்டன. "அக்கா தலைய" என்று எழுதியதோடு தம்பி நின்றுபோனான். தலையணையைச் சரி செய்யணுமா, தலையைத் திருப்பி வைக்கணுமா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். லேப்டாப் இல்லாத நேரத்துக்கு அவர்களிடம் இன்னொரு பாஷை இருந்தது. ஒருமுறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை இமைத்தால் இல்லை. எல்லாவற்றுக்கும் அவன் இரண்டு முறை இமைத்தான்.

மறுநாள் காலை ஸ்கிரீன் பளிச்சென்று இருந்தது. அவன் முதலில் கேட்டது இதைத்தான்.

"நேத்து எதுக்கு அவ்வளவு நேரம் தலையை நீட்டிட்டு இருந்தே?"

"நான் எங்கடா நீட்டினேன், பின்னாடி நாற்காலியில இல்ல உட்கார்ந்திருந்தேன்."

அவன் கண் ஸ்கிரீனை விட்டு ஜன்னலுக்குப் போனது.

லேப்டாப் சர்வீஸ்காரருக்குத் தம்பி வைத்த பெயர் சின்ன விஷயம். எதைக் காட்டினாலும் அந்தச் சொல்லோடுதான் ஆரம்பிப்பார். அன்றும் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டார். கேமராவுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளியைக் காட்டினார். அதுதான் சென்சாராம். அறையில் எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்து அதற்குத் தக்கபடி ஸ்கிரீனைக் கூட்டிக் குறைக்குமாம். அக்காவின் போனிலும் இதே சமாச்சாரம்தான், வெயிலில் போனால் பளிச்சென்று ஆகிறதே அது இதனால்தான் என்று விளக்கினார். செட்டிங்ஸில் போய் ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த மத்தியானம் மறுபடியும் மங்கியது. மறுபடியும் வந்தார். ஏதோ அப்டேட் வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்திருப்பதாகச் சொல்லித் திரும்ப அணைத்தார். ஸ்கிரீனில் இருக்கும் படத்தைப் பொறுத்து ஒளியைக் குறைக்கும் இன்னொரு ஏற்பாடு உள்ளே ஒளிந்திருந்தது, அதையும் தேடிப் பிடித்து அணைத்தார். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாட்டையும் விடவில்லை. சென்சாரை இயக்கும் டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அது எதற்கும் மசியவில்லை.

தம்பியின் பேச்சு குறைந்துகொண்டே போனது. காலையில் கேலி பேசுவான். மத்தியானம் நெருங்க நெருங்க அவன் கண் ஜன்னலுக்கும் ஸ்கிரீனுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள், "மத்தியானம் எங்கேயும் போகாதே" என்று எழுதினான். அக்கா தையல் துணியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஸ்கிரீன் மங்கும்போது நனைந்த சுவரின் வாசனை வந்தது. பழைய வீடுதானே என்று நினைத்துக்கொண்டாள், அப்படித்தான் நினைக்க முடிந்தது.

சின்ன விஷயம் கடைசியாக ஒரு மத்தியானத்திலேயே வந்து உட்கார்ந்தார். சென்சாரில் விழும் வெளிச்சத்தை எண்ணாகக் காட்டும் ப்ரோகிராம் ஒன்றைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டார். எண் பெரிதாகத்தான் இருந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. அவர் ஜன்னலைப் பார்த்தார். வெயில் அப்படியே இருந்தது. பல்புகளைப் பார்த்தார். எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. எண் இறங்கிக்கொண்டே போய் அடிமட்டத்தில் நின்றது. பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி, சென்சார் புள்ளியின் மேல் விரலை வைக்கப் போனார்.

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"யாரோ முகத்தை வச்சு மறைக்கிற மாதிரி இறங்குதுங்க" என்றார். அந்த ஒருமுறைதான் அவர் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை.

பிறகு அவரே சமாளித்துக்கொண்டு, சென்சார் செத்துப்போயிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். அதை அடியோடு முடக்கி, போதாததற்குப் புள்ளியின் மேல் கறுப்பு டேப்பையும் ஒட்டினார். ஸ்கிரீன் பளீரென்று எழுந்து நின்றது. தம்பி உடனே எழுதினான்.

"பயணிகள் கவனத்திற்கு. சின்ன விஷயம் முடிந்தது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் அவர் அந்த விரலைப் பேண்டில் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் பக்கம் ரொம்ப ஈரம் அடிக்கிறது, கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் அக்கா பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்தாள். மனசு லேசாக இருந்தது. முன்னறையிலிருந்து தம்பியின் குரல் கேட்டது.

"அ."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆ."

சீண்டுகிறான் என்று நினைத்தாள். "என்னடா, ஒண்ணாம் வகுப்புல சேர்ந்துட்டியா" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தாள். குரல் ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றையும் விடாமல், வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. இ. ஈ. உ. ஊ. அவசரமே இல்லை. நிலையத்துக் குரல் அத்தனை மரியாதையோடு ஒவ்வொன்றையும் அறிவித்தது. அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனாள்.

ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

தம்பி கண்களை மூடியிருந்தான்.

தூங்கவில்லை. இமைகள் இறுகி நடுங்கிக்கொண்டிருந்தன. அவனால் தலையைத் திருப்ப முடியாது, எழுந்து போக முடியாது. கண்ணை மூடிக்கொள்வது ஒன்றுதான் அவன் கையில் இருந்தது. அதைத்தான் செய்திருந்தான்.

அக்கா ஸ்கிரீனின் ஓரத்தைப் பார்த்தாள். கட்டத்துக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

அவை இமைக்கவில்லை.

"க" என்றது தம்பியின் குரல்.

அவள் ஓடிப்போய் லேப்டாப்பை மூடினாள். கை குளிர்ந்துபோயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணைத் திறடா என்று கெஞ்சினாள். திறந்தான்.

"நீ எழுதினியா?"

இரண்டு முறை இமைத்தான்.

"யாராவது தெரியுறாங்களா?"

இரண்டு முறை.

"ஆனா இருக்கா?"

ஒரே ஒரு முறை. அப்படி அழுத்தி மூடித் திறந்தான்.

"இதை மூடியே வச்சிடட்டுமா?"

அவன் பார்வை லேப்டாப்பின் மேலேயே நின்றது. கண்ணின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ளவும் அவனால் ஆகாது. பிறகு மெல்ல இமைத்தான். இரண்டு முறை.

அக்கா அழுதாள். மூடினால் அவன் ஊமை. திறந்தால் அது பேசும். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

சின்ன விஷயத்துக்குப் போன் செய்தாள். கட்டிலின் கம்பியில் பளபளப்பான திருகு ஏதாவது இருந்தால் பட்டை அதைக் கண் என்று நினைத்துக்கொள்ளும் என்றார். சொல்லும்போதே அவர் குரலில் சுரத்து இல்லை. தனக்கு வேலை அதிகம், வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார். போனை வைக்கப் போகும்போது தயங்கினார்.

"அந்த விரல் இன்னும் சில்லுனுதான் இருக்குங்க" என்றார்.

வேறு ஆள் யாரும் வரவில்லை. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. கட்டிலை இந்தச் சுவருக்குத் திருப்பிப் பார்த்தாள், அந்தச் சுவருக்குத் திருப்பிப் பார்த்தாள். காலியாக இருந்த இடங்களிலும் பல்பு மாட்டிப் போட்டாள். திருகுகளின் மேல் துணி சுற்றினாள். நடுவில் தானே குனிந்து நின்று தம்பியை மறைத்தும் பார்த்தாள். பட்டை அவள் கண்ணைப் பிடித்துக்கொண்டு உளறியது, அவ்வளவுதான். இரவெல்லாம் அவளை ஒரே நினைப்பு அரித்தது. ஸ்கிரீன் மங்கியது கோளாறே இல்லை. அது வந்திருக்கிறது என்று சொன்ன ஒரே சாட்சி அந்தக் கடுகளவு புள்ளிதான். அதன் வாயில் டேப் ஒட்டியாயிற்று. இருட்டில் எழுத்துத் தெரியாமல் சும்மா இருந்த அதற்கு, வேலை மெனக்கெட்டு வெளிச்சம் போட்டுக் கொடுத்ததும் நாம்தான்.

காலையில் டேப்பைப் பிய்த்து எடுத்தாள். அது மட்டும் போதவில்லை. முடக்கியதைத் திரும்ப எழுப்ப அவளுக்குத் தெரியவில்லை.

அது சீக்கிரம் கற்றுக்கொண்டது. மத்தியானம் மட்டும் என்று இருந்தது காலைக்கும் வந்தது. எழுத்துகள் சொற்களாயின. யார். இங்க. கேளு. எல்லாம் தம்பியின் குரல்தான். தம்பி ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அதை முடிப்பது வேறாக இருந்தது. "அக்கா எனக்குப் பயமா" என்று அவன் எழுத, கட்டத்தில் புள்ளிகள் ஒருமுறை நடுங்கி நிலைத்தன. "இல்ல. நான் பேசுறதைக் கேளு" என்று குரல் முடித்தது. எங்கே அவன் நின்றான், எங்கே அது தொடங்கியது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவன் முகத்தைப் பார்த்து, நீயா, நீயா என்று கேட்டாள். இரண்டு முறை. இரண்டு முறை. இரண்டு முறை. ஒருகட்டத்தில் அவன் இமைப்பதையே நிறுத்திவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். சாப்பாட்டுக் குழாய் மாற்றும்போதும் திறக்கவில்லை. உள்ளே இருக்கிறானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் அவள் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எல்லாப் பல்பும் எரிந்துகொண்டிருந்தன. நனைந்த சுவரின் வாசனை தொண்டைவரை வந்தது.

"என்னதான் வேணும்?" என்று கேட்டாள். யாரிடம் இப்படிக் கேட்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

புள்ளிகள் அசையவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"நானும் பேசணும்."

பிறகு, "எவ்வளவு கூப்பிட்டேன். யாரும் கேட்கல."

அவளுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அந்த வார்த்தைகளைத் தம்பி சொல்லியிருந்தாலும் ஒரு எழுத்து மாறியிருக்காது. ஆனால் அவன் மூடிய கண்ணைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ அறுந்தது.

"அவனுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் எடுத்துக்கிட்டா அவன் எங்க போவான்? கேட்க ஒரு ஆள்தானே வேணும். அவனை விட்டுடு. நான் கேட்கிறேன், என்கிட்ட வா."

ஸ்கிரீனில் எழுத்து விழுவது நின்றது.

குளியலறைக் குழாய் தானாகச் சொட்டி, யோசித்து, நின்றது.

ஸ்கிரீனின் ஓரத்தில் புள்ளிகள் மறைந்தன. கட்டம் காலியாக இருந்தது. தம்பியின் இமைகள் பிரிந்தன. வெளிச்சம் கூசி அவன் இமைத்தான். கட்டத்தில் இரண்டு புள்ளிகள் தோன்றி, அவனோடு சேர்ந்து இமைத்தன.

"அக்கா" என்றது குரல்.

"நீயாடா?"

ஒருமுறை இமைத்தான். பிறகு, அதை நம்ப மாட்டாள் என்று தெரிந்தவன்போல, பொறுமையாக எழுத்து எழுத்தாகப் பார்க்க ஆரம்பித்தான்.

"பயணிகள் கவனத்திற்கு. பேருந்து புறப்பட்டுவிட்டது. ஙஙசக மட்டும் ஏறவில்லை."

அவள் சிரித்தாள், அழுதாள், அவன் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நடுவில் வராதே என்று அவன் கோபித்துக்கொள்ள, விலகி எழுந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அறை அறையாக இருந்தது. அந்த வாசனைகூடப் போயிருந்தது. சின்ன விஷயத்திடம் சொல்ல வேண்டும், பாவம், மனுஷன் பயந்துபோயிருக்கிறார் என்று ஜன்னல் ஓரத்தில் கிடந்த போனை எடுத்தாள். வெயில் அவள் கைமேல் விழுந்தது. எண்ணைத் தேடினாள்.

போனின் ஸ்கிரீன் மங்கியது.

விரலால் தள்ளி வெளிச்சத்தைக் கூட்டினாள். ஏறியது. பிறகு மெல்ல, மெல்ல, எழுத்துகள் சாம்பல் பூத்தன.

நனைந்த சுவரின் வாசனை அவள் முகத்துக்கு வெகு அருகில் வந்தது.

அவள் அசையவில்லை. கட்டிலிலிருந்து தம்பியின் குரல் கேட்டது. அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும், பிறகு எழுத்துகளைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவ்வளவு நேரம் ஆயிற்று.

"அக்கா. இவ்வளவு நாள் ரொம்பக் கிட்ட இருந்தது. அதான் எனக்குத் தெரியல."

அவள் காத்திருந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப தெரியுது. உன் முகம்தான் தெரியல."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நட்ட நடு மத்தியானம், எல்லாப் பல்பும் எரிந்துகொண்டிருந்தன. அவள் கண்ணுக்கு எதிரில் யாரும் தெரியவில்லை. அறையில் வெளிச்சம்தான் கொஞ்சம் பத்தவில்லை.